துறுதுறு பிள்ளையும் மறதிக்கார அம்மாவும்



இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அன்றைக்குப் பேச வேண்டிய பொருள் ஒன்றுதான். ஒரு உறுப்பினரைக் குழுவை விட்டு நீக்கலாமா வேண்டாமா என்பது. எந்த ஊர், எந்தக் குழு என்று எழுதவில்லை. அந்த அக்காவிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அவர் மேல் சொன்ன புகார்கள் எல்லாம் உண்மைதான். ஒரு வருடத்தில் ஒன்பது தடவை தாமத அபராதம். பாஸ் புத்தகம் இரண்டு முறை தொலைந்தது. தவணைக்கு எடுத்து வைத்த பணத்தை வழியில் சந்தையில் கண்ட பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றது ஒரு முறை. கூட்டத்தில் ஒருவர் பேசி முடிக்கும் முன் இவர் பேச ஆரம்பிப்பார். அப்புறம் பேச்சு எதைப் பற்றி என்றே மறந்துபோய் ஜன்னல் பக்கம் பார்ப்பார். நானும் என் பங்குக்கு, “அக்கா, கொஞ்சம் பொறுப்பா இருக்கக்கூடாதா?” என்று கேட்டுவிட்டேன்.

அந்த அக்கா அழுதுவிட்டார். “வேணும்னு செய்யலை மேடம். சின்னப் பிள்ளையிலேருந்து நான் இப்படித்தான். எங்கம்மா ஓட்டை வாளின்னுதான் கூப்பிடும். இப்ப என் பையனும் அப்படியே இருக்கான். டி.சி. வாங்கிட்டுப் போங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க. அவங்கப்பா வயரால அடிச்சு கால்ல தடிச்சுக் கெடக்கு” என்றார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு.

சமூகப்பணி படிக்கும்போது இந்தப் பிரச்சினையைப் பற்றி எனக்கு ஒரு பாடம் இருந்தது. பரீட்சையும் எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். ஆனால் கண் எதிரே மாதாமாதம் வந்து உட்கார்ந்த அக்காவிடம் அதை அடையாளம் காணவில்லை. அதனால் தெரிந்துகொண்ட பிறகாவது நம் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

இதன் பெயர் என்ன?

டாக்டர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். தமிழில் கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு என்று எழுதுவார்கள். பெயர் பெரியதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இது பைத்தியம் இல்லை, அறிவு மந்தமும் இல்லை. புதிதாக வந்த வியாதியும் இல்லை. 1902ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். உலக அளவில் நூறு பிள்ளைகளில் சுமார் ஐந்து பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு. அப்படியானால் நாற்பது பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பில் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம்.

நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது. மோட்டாரும் நன்றாக ஓடுகிறது. ஆனால் மடை திருப்ப வேண்டிய ஆள் சரியான நேரத்துக்கு வரவில்லை. தண்ணீர் எந்தப் பாத்திக்குப் போக வேண்டுமோ அங்கே போகாமல் பாதையெல்லாம் ஓடுகிறது. இந்தப் பிள்ளைகளின் நிலைமையும் இதுதான். அறிவு இருக்கிறது, அதை வேண்டிய இடத்துக்குத் திருப்புகிற, வேண்டாத நேரத்தில் அடைக்கிற வேலை மூளையில் பலமாக நடப்பதில்லை. மூளையின் முன்பக்கம்தான் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கிறது. அது இந்தப் பிள்ளைகளுக்குத் தாமதமாகப் பக்குவம் அடைகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. உயரம் எப்படி அப்பா அம்மாவிடமிருந்து வருகிறதோ அந்த அளவுக்கு வருகிறது. குறைமாதத்தில் அல்லது மிகக் குறைந்த எடையில் பிறந்த பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். வளர்ப்பு சரியில்லாததால் வருவதில்லை. மிட்டாய், சர்க்கரை தின்பதால் வருவதில்லை. அம்மா செல்லம் கொடுத்தாள் என்று மாமியாரும், அப்பா கண்டிக்கவில்லை என்று அம்மாவும் சண்டை போட்டுக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

பிள்ளைகளிடம் எப்படித் தெரியும்?

முதல் வகை எல்லோர் கண்ணிலும் படும். உட்கார வைத்தால் நெளியும், எழுந்து ஓடும், சுவரில் ஏறும், ஓயாமல் பேசும். டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வரும். சத்துணவு வரிசையில் முறை வரும் வரை நிற்க முடியாது, முன்னால் இருப்பவரைத் தள்ளும். ரோட்டைப் பார்க்காமல் குறுக்கே பாயும். கையில் தையல், தலையில் காயம் என்று எந்நேரமும் ஏதாவது ஒன்று இருக்கும்.

இரண்டாவது வகை அமைதியானது. அதனால் யாரும் கவனிப்பதில்லை. கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருக்கும். கடைக்குப் போய் உப்பும் தீப்பெட்டியும் வாங்கி வா என்றால், உப்போடு மட்டும் வரும், அல்லது எதற்கு வந்தோம் என்று கடை வாசலில் நிற்கும். நோட்டில் பாதிக் கணக்கு இருக்கும், மீதி இருக்காது. பென்சில், ரப்பர், செருப்பு, டிபன் பாக்ஸ் மூடி, தண்ணீர் பாட்டில் எல்லாம் தொலையும். கணக்குத் தெரிந்திருக்கும், ஆனால் கூட்டலைக் கழித்தல் என்று பார்த்துவிட்டுத் தப்பாகப் போடும்.

பெண் பிள்ளைகள் நிறைய பேர் இந்த இரண்டாவது வகை. யாரையும் அடிப்பதில்லை, ஓடுவதில்லை, அதனால் டீச்சரும் புகார் சொல்வதில்லை. “கனவு கண்டுக்கிட்டு இருக்கா”, “மந்தம்”, “பராக்குப் பார்க்கிறா” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். எட்டாவது, ஒன்பதாவதில் மார்க் குறைந்ததும் படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுகிறோம். எனக்கு இதுதான் மனதை ரொம்ப உறுத்துகிறது. துறுதுறு பையனைப் பற்றி ஊரே பேசும், ஜன்னலோரம் உட்கார்ந்த பெண்ணைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். சில பிள்ளைகளுக்கு இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கும்.

உடனே ஒரு அக்கா கேட்பார்: “எங்க வீட்டுப் பையன் செல்போன்ல விளையாடினா ரெண்டு மணி நேரம் அசையமாட்டானே, அவனுக்கா கவனக்குறைவு?” நல்ல கேள்வி. செல்போன் ஒவ்வொரு நிமிடமும் புதிதாக ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறது, அதனால் கவனத்தை அதுவே பிடித்து வைக்கிறது. பிடிக்காத வேலைக்கு, பலன் பிறகு வரும் வேலைக்குக் கவனத்தை நாமாகக் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் இந்தப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஆகவே போனில் அசையாமல் இருப்பதை வைத்து இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. போன் பார்க்கிறான் என்பதை வைத்து இருக்கிறது என்றும் முடிவு செய்யக்கூடாது.

துறுதுறு என்று இருக்கும் பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். மூன்று நாலு வயதில் எல்லாப் பிள்ளையும் ஓடத்தான் செய்யும். டாக்டர்கள் பார்ப்பது வேறு. அதே வயதுப் பிள்ளைகளைவிட ரொம்ப அதிகமாக இருக்கிறதா? ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கிறதா? வீட்டில் மட்டும் இல்லாமல் பள்ளியிலும், உறவினர் வீட்டிலும் இருக்கிறதா? பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிய ஆரம்பித்ததா? அதனால் படிப்போ, சிநேகிதமோ, உடம்போ கெடுகிறதா? இதற்கெல்லாம் ஆமாம் என்று பதில் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பள்ளியில் மட்டும் தொந்தரவு, வீட்டில் இல்லை என்றால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீட்டில் மட்டும் என்றால் வீட்டில் என்ன நடக்கிறது என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேறு காரணமும் இருக்கலாம்

காது சரியாகக் கேட்காத பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது. கரும்பலகை தெரியாத பிள்ளை எழுதாமல் உட்காரும். இரத்தசோகை உள்ள பிள்ளை சோர்ந்துபோய் இருக்கும். சதை வளர்ந்து இரவெல்லாம் குறட்டை விடும் பிள்ளைக்குத் தூக்கம் போதாமல் பகலில் மனம் நிலைகொள்ளாது. எழுத்துக் கூட்டிப் படிப்பதில் மட்டும் சிரமம் உள்ள பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். சில பிள்ளைகள் திடீரென்று சில நொடி அப்படியே வெறித்துப் பார்த்து, கண் இமை துடித்து, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி வேலையைத் தொடரும். அது ஒரு வகை வலிப்பு. கை கால் இழுக்காததால் நாம் வலிப்பு என்று நினைப்பதில்லை. இதை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அப்பா குடித்துவிட்டு வந்து தினம் சண்டை என்றால், அந்த வீட்டுப் பிள்ளையின் மனம் பாடத்தில் எப்படி நிற்கும்? அதற்கு மருந்து வேறு.

இந்தக் காரணத்தால்தான் எங்கள் கதையில் வரும் பையனுக்கு முதலில் காதும் கண்ணும் பார்த்தார்கள், இரத்தம் பார்த்தார்கள். ஏ.டி.எச்.டி.யை இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பரிசோதனைகள் மற்ற காரணம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். அம்மாவிடம் கேட்டு, டீச்சரிடம் கேட்டு, பிள்ளையோடு பேசிப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். தலையை ஸ்கேன் எடுத்தால் இது தெரிந்துவிடும் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள். மூளைக்கு டானிக் என்று விற்பதும் அப்படித்தான்.

பெரியவர்களுக்கும் உண்டா?

பையனைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் அந்த அக்காவைப் பார்த்து, “நீங்க சின்ன வயசுல எப்படிம்மா?” என்று கேட்டார். அக்கா சொல்லச் சொல்ல டாக்டர் எழுதிக்கொண்டே போனார். ஒன்றரை மணி நேரம். வெளியே வந்து அக்கா என்னிடம், “முப்பத்தாறு வருஷமா என்னைய யாரும் இப்படிக் கேட்டதில்ல மேடம், திட்டித்தான் இருக்காங்க” என்றார்.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்று முன்பு நினைத்தார்கள். சிலருக்குச் சரியாகிறது. பலருக்கு ஓட்டம் குறைந்து, மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கலாம் என்கிறார்கள். அவர்கள் சுவரில் ஏறமாட்டார்கள். ஆனால் உள்ளே ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போவார்கள், துணியை ஊறப்போட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போவார்கள், மூன்றும் பாதியில் நிற்கும். சாவி, ரேஷன் கார்டு, பாஸ் புத்தகம் தினம் ஒன்றைத் தேடுவார்கள். எங்கே போனாலும் தாமதம். கையில் பணம் இருந்தால் யோசிக்காமல் செலவு. சுருக்கென்று கோபம், அரை மணியில் வருத்தம். வண்டியை வேகமாக ஓட்டி விபத்து. ஒரு வேலையில் நிலைக்காமல் மாறிக்கொண்டே இருக்கும் ஆண்களும் இதில் உண்டு. நான் எதற்கும் லாயக்கில்லை என்று தன்னையே வெறுத்து மனச்சோர்வில் விழுகிறவர்களும் உண்டு, குடியில் விழுகிறவர்களும் உண்டு.

இதைப் படித்ததும் “ஐயையோ, இது எனக்கும் இருக்குதே” என்று தோன்றும். எழுதும்போது எனக்கே தோன்றியது, போன வாரம்தான் வண்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். ஆனால் மறதி எல்லாம் இது ஆகாது. நாலு பேர் வேலையை ஒரு ஆள் செய்தால் மறதி வரத்தான் செய்யும். இரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மாதவிலக்கு நிற்கும் காலம், கடன் கவலை எல்லாவற்றிலும் மறதி வரும். வித்தியாசம் ஒன்றுதான். இது சின்ன வயதிலிருந்தே கூட வருவது. நாற்பத்தைந்து வயது வரை நன்றாக இருந்து இப்போது புதிதாக மறதி வந்தால் அது வேறு, அதற்கும் டாக்டரைப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

அடியால் இது போகாது. நாளைக்கு வேண்டிய பொருளை இன்றைக்கு எடுத்து வைக்கிற திறமை அடி வாங்குவதால் வராது. பிள்ளைக்குப் பயமும் பொய்யும்தான் வரும். அந்தப் பையன் அடிக்குப் பயந்து தொலைந்த நோட்டைப் பற்றிப் பொய் சொல்ல, அதற்குத் திருட்டுப் பட்டமும் சேர்ந்துகொண்டது.

டாக்டர் முதலில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும்தான் பயிற்சி கொடுத்தார். அப்பா முதல் இரண்டு தடவை வரவில்லை. “என் பையனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா” என்று சண்டை. மூன்றாவது தடவை வந்தார், பேசாமல் உட்கார்ந்திருந்தார், போகும்போது “எனக்கும் பள்ளிக்கூடத்துல இப்படித்தான் அடி விழுந்துச்சு” என்று மட்டும் சொன்னார்.

சொல்லிக்கொடுத்தது எல்லாம் நம்மால் செய்ய முடிந்ததுதான். தூரத்திலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். அதை முடித்த பிறகு அடுத்தது. வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிடம், பிறகு ஒரு ஓட்டம், திரும்பப் பத்து நிமிடம் என்று பிரிக்க வேண்டும். சரியாகச் செய்தால் அந்த நிமிடமே பாராட்ட வேண்டும், பரீட்சை முடியட்டும் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்பது இவர்களிடம் எடுபடாது. தூங்கும் நேரம், எழும் நேரம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பை மாட்ட ஒரு ஆணி, அந்த ஆணியில்தான் பை. டீச்சரிடம் பேசி முதல் பெஞ்சில் உட்கார வைத்தோம். நோட்டு கொடுப்பது, சாக்பீஸ் எடுத்து வருவது போன்ற எழுந்து நடக்கும் வேலைகளை அவனுக்கே கொடுத்தார். நல்ல டீச்சர்.

சில மாதம் கழித்து மாத்திரையும் கொடுத்தார்கள். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. ஆறு வயதுக்குக் கீழே பெற்றோர் பயிற்சிதான் முதலில். மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை பல பத்து வருடங்களாக உலகம் முழுவதும் பயன்படுகிறது. கடையில் நாமாகக் கேட்டு வாங்கக்கூடியது இல்லை, டாக்டர் சீட்டு கட்டாயம். பசி குறையும், சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும். அதனால் எடை, உயரம், நாடி, இரத்த அழுத்தம் எல்லாம் அவ்வப்போது பார்க்க வேண்டும். அந்தப் பையனுக்கு மதியச் சாப்பாடு குறைந்தது. காலையில் வயிறு நிறையச் சாப்பிட வைத்து அப்புறம் மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள். மாத்திரை நோயை அறுத்து எடுத்துவிடாது. கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிற மாதிரிதான். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிறும் இருக்கட்டும், டாக்டர் சொன்னதையும் விடாதீர்கள்.

அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். குழு அவரை நீக்கவில்லை. ஆனால் அபராதத்தைத் தள்ளுபடியும் செய்யவில்லை, அதுவும் சரிதான் என்று நினைக்கிறேன். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை இரண்டாம் பிரதிநிதி போன் செய்து ஞாபகப்படுத்துவார். பாஸ் புத்தகம் ஊக்குநரிடமே இருக்கும். பால் பணம் கைக்கு வருகிற அன்றைக்கே, சந்தைக்குப் போகும் முன், தவணை கட்டிவிட வேண்டும். போனில் அலாரம் வைக்க அவர் மகள் சொல்லிக்கொடுத்தாள். கூட்டத்தில் சும்மா உட்கார முடியாததால் பாய் விரிப்பது, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குவது அவர் வேலை. கடந்த பதினான்கு மாதமாகத் தவணை தவறவில்லை. தாமதம் மட்டும் இப்போதும் உண்டு.

எங்கே காட்டுவது?

அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வேனில் மருத்துவக் குழு வருகிறது அல்லவா? 2013ஆம் ஆண்டு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டம் அது. அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளில் இதுவும் இருக்கிறது. அன்றைக்கு டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். பெரியவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரை அரசு மருத்துவமனையில் பார்க்கலாம், எந்த நாளில் இருப்பார் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். படிப்பு சம்பந்தமாக வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்று பெயர், 2022இல் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

“இதுக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை வருமா?” என்று நிறைய பேர் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லியுள்ள 21 வகையில் இது தனியாக இல்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அப்படி இருந்தால் அதற்குச் சான்று கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பள்ளியில் டி.சி. கொடுத்து அனுப்புவேன் என்று சொன்னால் பயந்து கையெழுத்துப் போடாதீர்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக்கூடாது, அடிக்கவும் கூடாது. அந்தப் பையனுக்காக நானும் ஊக்குநரும் பள்ளிக்குப் போய் இந்தச் சட்டத்தைச் சொன்னோம். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு உட்காரச் சொன்னார்கள். பையன் இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறான். கணக்கில் நல்ல மார்க். ஜியாமெட்ரி பாக்ஸ் மட்டும் இந்த வருடத்தில் இது மூன்றாவது.